மிதவைச் சட்டைக்கு விலை கேட்டு

சான் தெல்மோ
4 செப்டம்பர் 1989

அன்புள்ள தம்பி எலிசேயோவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. அம்மாவை அடக்கம் செய்த அன்று வராதவன் கடிதமா போடப் போகிறான் என்று நேற்றுகூடச் சொன்னேன். உன் அத்தான் தென்சியோதான் உனக்குப் பரிந்துகொண்டு வந்தார். "ஹாங்காங்ல லீவு குடுக்கலன்னா அவன் என்ன செய்வான், நீந்தியா வருவான்?" என்றார். அவர் எப்போதும் உன் கட்சி.

காரியத்துக்கு வருகிறேன். துறைமுகத்துக்குப் புது ஆய்வாளர் வந்திருக்கிறார். போன வாரம் நம் படகு 'சாந்த செசிலியா'வில் ஏறி, பெஞ்சுக்கு அடியில் கிடந்த மிதவைச் சட்டைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். நம் மெத்தைக்காரர் இலவம் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தவை. அவற்றில் தலை வைத்துத் தூங்கித்தானே நீயும் வளர்ந்தாய். ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது. "இது படகா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். ஏறக் காத்திருந்த சனம் எல்லாம் சிரித்தது. எனக்குக் காது சுட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்று, ஆரஞ்சு நிறத்தில், விசில் வைத்த வெளிநாட்டுச் சட்டை வேண்டுமாம். ஜனவரியில் குழந்தை இயேசு திருநாளுக்குள் வாங்காவிட்டால் காலாவ் தீவுக்குப் படகு விடக்கூடாதாம். திருநாள் ஓட்டம்தான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. அது உனக்கே தெரியும்.

இலோய்லோ டவுன் ஹார்டுவேர் கடையில் வெளிநாட்டு வியாபார முகவரிகள் உள்ள தடிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஹாங்காங்கில் மூன்று கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். "ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், என்ன விலை?" அவ்வளவுதான் கேட்டேன். ஒருவன் மூன்று டாலர் என்கிறான், ஒருவன் நாலரை என்கிறான், இன்னொருவன் ஏழு என்கிறான். மூன்று பேர் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வைத்தியரிடம் நாடி காட்டிய கதை ஆகிவிட்டது. நீ விலை விசாரித்துத் தருகிற ஆபீசில்தானே உட்கார்ந்திருக்கிறாய். இதில் எது உண்மையான விலை என்று உன் அக்காவுக்குக் கொஞ்சம் சொல்.

என் மகள் அம்பாரோவும் குழந்தையும் தீவிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள். உன் ஞானப்பிள்ளை தெலியாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. உன் போட்டோவைக் காட்டினால், "ஹாங்காங் தாத்தாவுக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்கிறாள். நீ சிரித்துப் போட்டோ எடுத்தால்தானே தெரியும்?

உன் அக்கா,
பெர்பெத்துவா


கவுலூன்
19 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா விஷயத்தைப் பற்றி இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஆகவே விலையைப் பற்றி எழுதுகிறேன், எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்றும் உண்மையான விலைதான், அக்கா. ஆனால் மூன்றும் ஒரே பொருளுக்கான விலை இல்லை. மூன்று டாலர்க்காரர் தன் தொழிற்சாலை வாசலில் வைத்துச் சொல்கிறார். அங்கிருந்து கப்பல்வரை வண்டிக்கூலி, கப்பல் கூலி எல்லாம் உங்கள் தலையில். நாலரை என்பது ஹாங்காங்கில் கப்பலில் ஏற்றும்வரை. ஏழு என்பது இன்சூரன்ஸோடு இலோய்லோ துறைமுகத்தில் இறக்கும்வரை. சுங்கம் எதிலும் சேரவில்லை. கூட்டிப் பார்த்தால் மலிவாகத் தெரிகிறவர்தான் கடைசியில் அதிகம் கேட்பவராக இருப்பார். இங்கே தினமும் நடப்பதுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தவறாக நினைக்காதீர்கள். உள்ளே என்ன அடைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. என் முதலாளி யிப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வார்: "விலையக் கேட்டா விலைதான் வரும். பொருளச் சொல்லிக் கேளு, அப்பதான் பொருள் வரும்." உள்ளே அடைப்பது தண்ணீர் குடிக்காத நுரைத் தட்டா, வேறு ஏதாவதா? எவ்வளவு எடை உள்ள ஆளை, எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? வார் எந்த நூலில் தைத்தது? யார் சோதித்துச் சான்று கொடுத்தார்கள்? பெரியவர் அளவு எத்தனை, சிறுவர் அளவு எத்தனை? இவ்வளவும் எழுதிக் கேட்டால்தான் கொட்டேஷன் சரியாக வரும்.

கப்பல்களுக்குச் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலை எனக்குப் பழக்கம். இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். இலோய்லோவில் இறக்கி ஆறு டாலர் என்கிறார்கள். சிறுவர் அளவு தனி. பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். அதனால் எத்தனை குழந்தைகள் வழக்கமாக ஏறுவார்கள் என்று அத்தானிடம் கேட்டு எழுதுங்கள்.

எனக்குப் பல் எல்லாம் இருக்கிறது என்று தெலியாவிடம் சொல்லுங்கள்.

தம்பி,
எலிசேயோ


சான் தெல்மோ
6 அக்டோபர் 1989

எலிசேயோ,

ஆறு டாலரா? சட்டையோடு ஆளையும் சேர்த்து அனுப்புகிறார்களா?

நீ வெளியூர் போய் ஊர்ப் பழக்கத்தையே மறந்துவிட்டாய். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறவன் இந்த ஊரில் உண்டா? நேற்றுத்தான் சந்தையில் நம் மீன்காரி எஸ்தேரிடம் போனேன். அறுபது பேசோ என்றாள். "இது நேத்து மீனு மாதிரி கண்ணு சொருகிக் கெடக்கே" என்றேன். "உன் புருஷன் கண்ணுகூட அப்பிடித்தான் இருக்கு, அவரை மாத்திட்டியா?" என்றாள். சுற்றி நின்ற சனம் கையைத் தட்டியது. கடைசியில் நாற்பத்தைந்துக்குக் கொடுத்து, மேலே ஒரு பிடி இறாலும் போட்டாள். நான் அவளுடைய நெடுநாள் வாடிக்கை. பேரம் பேசாமல் வாங்கினால் அவளுக்கே அவமானம், "என்னக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நீ வாயே திறக்காமல் ஆறு டாலரைத் தலையில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாய்.

நாலரை டாலர்க்காரர் பெயர் மிஸ்டர் மாக். நான் பதில் போடாமலே இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறார். "மேடம், உங்கள் மனதில் இருக்கும் விலை என்ன? தயங்காமல் சொல்லுங்கள்" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் பார். பெற்ற பிள்ளை போல நான் வளர்த்த தம்பியோ எனக்குப் பரீட்சை வைக்கிறான். உள்ளே என்ன அடைப்பு, நூல் என்ன நூல்! மீன் வாங்கும்போது அது என்ன தின்றது என்று கேட்டா வாங்குகிறோம்?

சிறுவர் அளவெல்லாம் வேண்டாம். வாரை இறுக்கிக் கட்டினால் யாருக்கும் நிற்கும்.

இன்னொன்று. மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை, கேட்டுவிடுகிறேன். தென்சியோவின் பெரியப்பா மகன் மணிலாவில் ஏஜென்ட் வேலை பார்த்தவன். "ஆறுல ஒண்ணாவது உங்க தம்பி பாக்கெட்டுக்குப் போகும் அண்ணி" என்கிறான். தென்சியோ அவனை அடிக்கப் போய்விட்டார். நான் அடிக்கப் போகவில்லை. கூசாமல் சொல், உனக்கு எவ்வளவு?

பெர்பெத்துவா


கவுலூன்
23 அக்டோபர் 1989

அக்கா,

எனக்கு ஒன்றும் இல்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உறையை ஒட்டியபின் திரும்பவும் பிரித்தேன்.

மனது மிகவும் வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் சந்தைக் கதையைப் படித்தபோது எனக்கு வேறொரு பயம் வந்தது. எஸ்தேரிடம் நீங்கள் பேரம் பேசினால் மீன் அதே மீன்தான். நீங்கள் பார்க்கும்போதே தட்டில் கிடக்கிறது. அவள் தன் லாபத்தில் விட்டுக்கொடுக்கிறாள். இங்கே நீங்கள் விலை பேசும்போது பொருள் இன்னும் பிறக்கவே இல்லை, அக்கா. விலை முடிந்தபிறகுதான் செய்யப் போகிறார்கள். நீங்கள் குறைக்கக் குறைக்க அவர்கள் லாபத்திலா குறைப்பார்கள்?

போன வருஷம் எங்கள் ஆபீஸ் மூலம் ஒருவர் குடை வாங்கினார். மூன்று முறை விலை குறைக்கச் சொன்னார், மூன்று முறையும் தொழிற்சாலையில் சரி என்றார்கள். முதல் முறை கம்பி மெலிந்தது. அடுத்து துணி மெலிந்தது. கடைசியில் சுருள்வில்லை எடுத்துவிட்டு வேறு எதையோ வைத்தார்கள். மடித்து வைத்துப் பார்த்தால் முதல் குடைக்கும் கடைசிக் குடைக்கும் வித்தியாசமே தெரியாது. பணம் கட்டியவர் வெகு சந்தோஷமாகப் போனார். முதல் மழையில் எல்லாம் போயிற்று. குடை உடைந்தால் மனிதன் நனைவான், அவ்வளவுதான்.

உங்கள் மனதில் இருக்கும் விலை என்ன என்று கேட்கிறவரிடம் வாங்காதீர்கள். அவர் அந்த விலைக்குத் தகுந்த சட்டையைச் செய்து தந்துவிடுவார். என்னிடம் வாங்க வேண்டாம். யாரிடம் வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் முதலில் ஒரு சாம்பிள் வரவழைத்துக் கத்தியால் கிழித்து உள்ளே பாருங்கள்.

எலிசேயோ


சான் தெல்மோ
28 நவம்பர் 1989

அன்புள்ள தம்பிக்கு,

கமிஷன் பேச்சை விட்டுவிடு. நான் கேட்டேன், நீ இல்லை என்றாய், முடிந்தது. தென்சியோ என்னோடு மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தார், அந்தத் தண்டனை போதும்.

இப்போது உட்கார்ந்து படி. மிஸ்டர் மாக்குக்கு நானே எழுதினேன். என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று அடிமாட்டு விலையாக இரண்டரை டாலர் என்று போட்டேன், அதுவும் இலோய்லோ துறைமுகத்தில் இறக்கி. அவர் மூன்றரை என்பார், மூன்றில் முடிப்போம் என்பது என் கணக்கு. மனிதர் மறுபேச்சே இல்லாமல் சரி என்று டெலக்ஸ் கொடுத்துவிட்டார்! இலோய்லோ பாங்கில் அதைப் படித்துச் சொன்ன பையன்கூட, "ஆன்ட்டி, நீங்க பாங்குக்கு மேனேஜரா வந்துடுங்க" என்றான். ஒரு நிமிஷம் எனக்கே ஏதோ போல இருந்தது. கேட்டதும் சட்டென்று கொடுத்தால் சந்தையில் நாம் மீனை இன்னொரு முறை முகர்ந்து பார்ப்போம் இல்லையா? பிறகு, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பிளும் வந்துவிட்டது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. வெள்ளைப் பட்டை, விசில், எல்லாம் இருக்கிறது. தென்சியோ கையில் தூக்கிப் பார்த்து, "ரொம்ப லேசா இருக்கே" என்றார். "மிதக்கிற சாமான் கனமாவா இருக்கும்?" என்று கேட்டேன். துறைமுகத்துப் படியிலிருந்து தூக்கிக் கடலில் போட்டோம். வாத்து மாதிரி மிதந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நீ சொன்னபடி கத்தி போட எனக்கு மனசு வரவில்லை. புதுத் துணியை யாராவது கிழித்துப் பார்ப்பார்களா? மேலும் தெலியா அதைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று ஒரே ரகளை. அதோடேயே சாப்பிட்டாள், அதோடேயே தூங்கினாள், அதிலேயே ஒன்றுக்கும் போய்விட்டாள். மறுநாள் காலையில் தூக்கினால் குழந்தையைவிடச் சட்டை கனத்தது. அம்பாரோ திட்டிக்கொண்டே பிழிந்து காயப் போட்டாள்.

பழைய பஞ்சுச் சட்டைகளை மெத்தைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலையணை தைத்துத் தருவார். நீ திருநாளுக்கு வந்தால் உனக்கும் ஒன்று உண்டு. வருவாயா?

அக்கா


கவுலூன்
14 டிசம்பர் 1989

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி வந்திருக்கும்: சட்டையை நம்ப வேண்டாம், கிழித்துப் பார்க்கவும். தந்தியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

தெலியா தூங்கி எழுந்தபோது சட்டை கனத்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் என்னால் ஆபீசில் உட்கார முடியவில்லை. மிஸ்டர் மாக்கின் விலாசத்தைத் தேடிப் போனேன். பழைய கட்டடம். லிஃப்ட் முழுக்க ஸ்பாஞ்சு மூட்டை. மேலே ஒரே அறைதான். குளியல் ஸ்பாஞ்சு, சோபா மெத்தை இவற்றின் வெட்டுத் துண்டுகள் கூரைவரை குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே நாலைந்து பெண்கள் ஆரஞ்சுத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்க வந்தவன் போலப் பேசினேன். மாக் நல்ல மனிதர், அக்கா. தேநீர் கொடுத்தார், என் ஊரை விசாரித்தார். "எந்த வெலைக்கு வேணும்னு சொல்லுங்க, அந்த வெலைக்குச் செஞ்சு தந்துடுவோம்" என்றார்.

"மிதக்குமா?" என்று கேட்டேன்.

"மிதக்கும் மிதக்கும்."

"எவ்வளவு நேரம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்.

கேலி செய்யவில்லை. மெய்யாகவே யோசித்துத்தான் சொன்னார். அவர் உங்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் நிறம் கேட்டீர்கள், நிறம் கொடுத்தார். விசில் கேட்டீர்கள், கொடுத்தார். விலை கேட்டீர்கள், அதையும் கொடுத்துவிட்டார். உங்கள் சரக்கு ஏற்கனவே கப்பல் ஏறிவிட்டது என்று தட்டிக்கொடுத்து வழியனுப்பினார்.

அது தண்ணீர் குடிக்கும் ஸ்பாஞ்சு. முதலில் மிதக்கும். பிறகு குடிக்க ஆரம்பிக்கும். நிரம்பியபின் அது கட்டியிருக்கிறவனைத் தாங்காது, இழுக்கும். ஒரு சட்டையின் மேல் கல்லைக் கட்டி ஒரு தொட்டியில் போடுங்கள். மறுநாள் காலைவரை எடுக்காதீர்கள். உங்களுக்கே தெரியும். கிழிக்க மனமில்லாவிட்டால் இதையாவது செய்யுங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். மெத்தைக்காரரிடம் கொடுத்த பழைய சட்டைகளைத் தலையணை ஆவதற்கு முன்னால் திரும்ப வாங்கிவிடுங்கள். ஆறு டாலர்ச் சட்டைகளை என் சம்பளத்தில் வாங்கி நானே அனுப்புகிறேன், ஆனால் அவை திருநாளுக்குள் வந்து சேராது. அதுவரை படகை விட வேண்டாம்.

தெலியாவுக்கு ஒரு நீலக் கவுன் வாங்கி வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை.

எலிசேயோ


சான் தெல்மோ
11 ஜனவரி 1990

எலிசேயோ,

தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. அறிவு இருக்கிறதா உனக்கு? இந்த ஊருக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்தி என்று உனக்குத் தெரியாதா? தபால்காரர் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரிகள் அழத் தயாராகக் கைக்குட்டையோடு வந்துவிட்டார்கள். பிரித்துப் படித்தால், சட்டையைக் கிழி என்று இருக்கிறது. ஊர் முழுக்க இப்போது என்னைப் பார்த்து, "சட்டையக் கிழிச்சாச்சாக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறது.

சரக்கு கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், ஒரு விசிலை ஊதிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார். சட்டை கூடுதலாக இருப்பதால் திருநாளன்று கூடுதல் ஆள் ஏற்றிக்கொள்ளவும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனாலும் நீ கும்பிடுகிறேன் என்று எழுதியதால் செய்து பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாதே. துணி துவைக்கும் தொட்டியில் ஒரு சட்டையைப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மிதந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சம் தாழ்ந்து. கல் வைக்கவில்லை. கல் வைத்தால் எதுதான் மூழ்காது? வேலைக்காரி தூக்க முடியவில்லை என்றாள், அவள் எப்போதும் அப்படித்தான். கொடியில் போட்டோம். சாயங்காலம்வரை சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரத் துணி சொட்டத்தானே செய்யும்?

நான் சொல்கிறேன், கேள். உன்னிடம் கேட்காமல் நானே வெளிநாட்டில் பேசி, உன் விலையில் பாதிக்கும் கீழே முடித்துவிட்டேன். அதை உன்னால் தாங்க முடியவில்லை. இதை எழுத எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தென்சியோ இப்போது பெரிய கப்பல் கேப்டன் போல ஆகிவிட்டார். கிளம்புமுன் பயணிகளுக்குப் பிரசங்கம் வேறு. முன்பெல்லாம் கொஞ்சம் அலை எழும்பினாலே சனம் படகு கவிழாமல் இருக்க இருபுறமும் கட்டியிருக்கிற பக்கவாட்டு மூங்கிலில் போய்த் தொங்கும், படகு சாயும். இனிமேல் அந்தக் கவலை இல்லையாம். "யாரும் மூங்கில்ல தொங்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா சட்டைய இறுக்கிக் கட்டிக்கிட்டு குதிச்சு வெலகிப் போயிடுங்க. மத்தத சட்டை பாத்துக்கும்" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

வாடைக் காற்று இந்த வருஷம் கொஞ்சம் பலமாகத்தான் அடிக்கிறது. திருநாள் ஞாயிறு காலையில் அம்பாரோவும் தெலியாவும் நம் படகிலேயே வருகிறார்கள். விருந்துக்குப் பன்றி சொல்லியாயிற்று. முடிந்ததும் எழுதுகிறேன். நீலக் கவுனை அனுப்பு, பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

பெர்பெத்துவா


கவுலூன்
31 ஜனவரி 1990

அக்கா,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இங்கே பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தது. பனாய் தீவுக்கு அருகே திருநாள் கூட்டத்தை ஏற்றி வந்த படகு ஒன்று கவிழ்ந்ததாம். படகின் பெயர் போடவில்லை, ஊர் பெயரும் போடவில்லை. அந்தப் பக்கம் எத்தனையோ படகு ஓடுகிறது, எத்தனையோ ஊரில் அதே திருநாள். யிப் இரண்டு நாளாக ஆபீஸ் போனிலேயே முயன்று பார்க்கிறார், இலோய்லோவுக்கு லைன் கிடைக்கவில்லை. தந்தி கொடுக்கவும் கை வரவில்லை. போன தடவை என்ன ஆயிற்று என்று எழுதியிருந்தீர்களே.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

எலிசேயோ


சான் தெல்மோ
2 மார்ச் 1990

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிரியார் எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா தெரியவில்லை. நான் இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன்.

கோயில் மணி கேட்கிற தூரத்தில்தான் கவிழ்ந்தது. நான் பலகாரத் தட்டோடு துறைமுகத்துப் படியில் நின்றுகொண்டிருந்தேன். அலை பெரிதாக இருந்ததால் இங்கிருந்து படகு இறக்கத் தாமதமாயிற்று. முதலில் கடல் முழுக்க ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. எல்லோரும் மிதக்கிறார்கள் என்று நான் சொன்னேன், என் சட்டைகள் என்று சொன்னேன். முழங்காலில் விழுந்து குழந்தை இயேசுவுக்கு நன்றியும் சொன்னேன். என் பக்கத்தில் நின்ற எஸ்தேர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்திட்டேக்கா, காப்பாத்திட்டே" என்று அழுதாள். அவள் தம்பி அந்தப் படகில் இருந்தான். பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆரஞ்சு குறைந்துகொண்டே வந்தது.

மூங்கிலைப் பிடித்துத் தொங்கியவர்கள் பிழைத்தார்கள். தென்சியோவின் பேச்சைக் கேட்டு விலகிப் போனவர்கள் போய்விட்டார்கள். தென்சியோ பிழைத்துவிட்டார். சோற்றில் கை வைத்துக்கொண்டு, "நான்தான வெலகிப் போகச் சொன்னேன்" என்பார், எழுந்து போய்விடுவார். எஸ்தேர் இப்போது எனக்கு மீன் விற்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் செய்வது சரி.

அம்பாரோ ஒரு கையால் மூங்கிலைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் தெலியாவின் சட்டை வாரைப் பிடித்திருந்தாள். கையில் சட்டை மட்டும் இருந்தது. மற்றது உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

அந்தச் சட்டையைக் கிழித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் இருந்தது.

என்மேல் கோபப்படு. உன்னைத் திருடன் என்றேன், பொறாமைக்காரன் என்றேன். நான் மீன் வாங்குகிற மாதிரி வாங்கினேன், எலிசேயோ.

நம் சின்னப் படகு இன்னும் இருக்கிறது. தீவுக்காரர்களுக்கு வேறு வழி இல்லை, யாராவது ஓட்டித்தான் ஆக வேண்டும். அம்பாரோவின் புருஷன் ஓட்டுகிறேன் என்கிறான். ஆகவே உன் பழக்கக்காரத் தொழிற்சாலையில் விலை கேட்டு எழுது. இந்தத் தடவை நீ சொன்னபடி கேட்கிறேன்.

உள்ளே தண்ணீர் குடிக்காத நுரைத் தட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கல்லோடு கிடந்து, எடுத்துப் பார்த்தால் அதே எடை இருக்க வேண்டும். அப்படிச் சோதித்தவர் யார் என்று பெயரோடு எழுதச் சொல். அலையில் பத்துப் பேர் ஒரே வாரைப் பிடித்து இழுப்பார்கள், பிடுங்காத தையல் வேண்டும். தொடைக்கு நடுவே ஒரு வார் வேண்டும், அது இல்லாவிட்டால் மேலே கழன்றுவிடுகிறது. மயங்கிக் கிடந்தாலும் முகம் வானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். நாங்கள் எடுத்தவர்களில் பலர் குப்புறக் கிடந்தார்கள். நிறம் எதுவானாலும் சரி. விசில் வேண்டாம், யாரும் ஊதவில்லை.

ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒன்றை நானே இங்கே கிழித்துப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே எழுதிவிடு. இலோய்லோ துறைமுகத்தில் இறக்கி, இன்சூரன்ஸோடு விலை சொல்லட்டும். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் விலை. நான் குறைத்துக் கேட்க மாட்டேன். உன் சம்பளத்திலிருந்து ஒன்றும் வேண்டாம், பெரிய படகின் எஞ்சினைக் கடலிலிருந்து மேலே எடுத்துவிட்டார்கள், அதை விற்கிறோம்.

சிறுவர் அளவுக்குத் தனி விலை என்று எழுதியிருந்தாய். நாலு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அளவு. நம் வீட்டில் இப்போது அந்த வயதில் யாரும் இல்லை. இருந்தாலும் அதற்கும் விலை கேள்.

உன் அக்கா,
பெர்பெத்துவா